ஆலைக்குத் தந்த பாஸில் புடவைக் கடைக்குப் போகலாமா?

கேள்வி (இலங்கையில் 2021 கொரோனா ஊரடங்கின்போது வந்தது): சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நாலு வருடமாகக் கணக்கெழுதுகிறேன். எங்கள் முதலாளிக்குக் கல்முனை பஸாரில் புடவைக் கடையும் இருக்கிறது. ஊரடங்கிலும் ஆலை ஓடுகிறது. ஆலை ஊழியர் என்று பொலிஸில் எடுத்த பாஸ் என்னிடம் உண்டு. போன கிழமை என்னையும் இன்னும் மூன்று பேரையும் கடைக்குப் போகச் சொன்னார். ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டு, போனில் ஓடர் தந்தவர்களுக்குப் பின்பக்கத்தால் துணி கொடுக்க வேண்டுமாம். நான் மறுத்தேன். "நம்மட அத்தியாவசிய சேவை, வராட்டி சட்டப்படி உள்ளுக்குப் போவாய், வேலையும் இல்லை" என்கிறார். உம்மா சிறுநீரக நோயாளி. ஆலைக்குப் போகவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? பெயர் போட வேண்டாம்.

பதில்: தம்பி, கடைக்குப் போக மறுத்ததற்காக உங்களை யாரும் உள்ளே தள்ள முடியாது. போயிருந்தால்தான் வழக்கு வந்திருக்கும்.

முதலாளி சொல்லும் "அத்தியாவசிய சேவை" 1979 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தில் வருவது. வேலைக்கு வராதவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் அந்தச் சட்டத்துக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது பிடிப்பது அரச திணைக்களம், கூட்டுத்தாபனம், உள்ளூராட்சி மன்றம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் சேவைகளைத்தான். அதற்கும் ஜனாதிபதி வர்த்தமானியில் கட்டளை வெளியிட்டிருக்க வேண்டும். தனியார் ஆலை முதலாளி அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க முடியாது.

2021 ஓகஸ்ட் 20 இரவு 10 மணிக்குத் தொடங்கி முதலில் செப்டெம்பர் 6 வரை நீட்டிய இந்தக் கொரோனா ஊரடங்கில், விவசாயம், உணவு, மருந்து போன்ற வேலைகளுக்குப் போய்வர அனுமதி இருக்கிறது. அது அனுமதி மட்டுமே, கட்டாயம் இல்லை. அந்த அனுமதியும் வேலைக்குத்தான், முதலாளிக்கு இல்லை. ஒரே ஆள் ஆலையும் வைத்திருக்கலாம், புடவைக் கடையும் வைத்திருக்கலாம். ஆலைக்குக் கிடைத்த அனுமதி கடைக்குத் தாவாது. பாஸை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதில் வேலையும் இடமும் எழுதியிருக்கும். சம்மாந்துறை ஆலைக்கென்று எழுதிய துண்டோடு கல்முனை பஸாரில் பிடிபட்டால், வீதியில் நிற்கும் பொலிஸ்காரருக்கு முதலாளி பதில் சொல்லப் போவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் ஒழுங்குவிதியை மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் 6 மாதம் வரை சிறை, 2,000 முதல் 10,000 ரூபாய் வரை தண்டம் என்று போகும். "முதலாளி சொன்னார், செய்தேன்" என்பது அங்கே நல்ல எதிர்வாதம் இல்லை. கடையைத் திறக்கச் சொன்னவரும் தப்ப மாட்டார், அது வேறு விஷயம்.

நெல் ஆலையைத் திறந்து புடவைக் கடையைப் பூட்டுவது என்ன நியாயம் என்று கடைப் பொடியன்கள் கேட்பார்கள். சிறுபோக நெல் வெட்டு நடக்கிற நேரம் இது. மெஷினில் வெட்டி வந்த ஈர நெல்லை இரண்டு நாள் குவித்து வைத்தால் சூடேறி, மணம் மாறி, முளைக்கத் தொடங்கும். காயப்போட்டுக் குற்றி அரிசியாக்காவிட்டால் அம்பாறை விவசாயியின் போகமும் போகும், நாட்டின் சோறும் போகும். மீனும் அப்படித்தான், கரைக்கு வந்தால் காத்திருக்காது. சாரமும் சேலையும் ராக்கையில் ஒரு மாதம் கிடந்தாலும் கெட்டுப்போகாது. கெட்டுப்போவது கடைப் பொடியனின் சம்பளம். பூட்டச் சொல்கிற அரசு அதற்கும் வழி சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த 2021 ஊரடங்குக்கு அரசு கொடுக்கும் 2,000 ரூபாய் ஒரு குடும்பத்துக்கு ஒரு கிழமைச் சாமானுக்கும் காணாது.

2020 மே மாதம் தொழில் அமைச்சும் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வேலை கொடுக்க முடியாமல் வீட்டில் இருத்தப்பட்டவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இதில் எது கூடவோ அது. இது பாராளுமன்றச் சட்டம் இல்லை என்றாலும், கடையில் வேலை செய்யும் உங்கள் கூட்டாளிகள் சம்பளம் பேசும்போது இந்தக் கணக்கை முன்னால் வைக்கட்டும்.

இனி உங்கள் வேலை. "நாளையிலிருந்து வராதே" என்று வாயால் சொன்னால் வேலை முடிந்துவிடாது. ஆலையில் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்து, நீங்களும் கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்திருந்தால், வேலை நிறுத்துவதைக் கட்டுப்படுத்தும் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்குத் துணை. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். ஒழுக்காற்றுக் காரணம் என்றால், நிறுத்தி இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். சட்டத்துக்கு மாறான கட்டளையை மறுத்தது குற்றமாகாது. நிறுத்திவிட்டால் 6 மாதம் கடக்க முன்னர் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போடுங்கள். 15 பேருக்குக் குறைவென்றால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ராஜினாமாக் கடிதம் கேட்டால் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். நம் பக்கத்தில் நல்ல வழக்குகள் பல அந்த ஒரு கையெழுத்தில்தான் முடிந்துபோகின்றன.

இன்றே வட்ஸ்அப்பில் முதலாளிக்கு ஒரு செய்தி போடுங்கள். மரியாதையாக, சுருக்கமாக: "முதலாளி, ஆலை வேலைக்கு வழமைபோல வருகிறேன். பாஸ் ஆலைக்கென்று தந்தது, அதனால் ஊரடங்கு முடியும் வரைக்கும் கடைக்கு வர முடியாது." அவர் கோல் எடுத்து ஏசினாலும் அந்தச் செய்தியை அழிக்க வேண்டாம். பாஸையும் படம் எடுத்து வையுங்கள்.

ஆலைக்குப் போக மறுக்கலாமா என்பதற்கு நீங்கள் விரும்பும் பதிலை என்னால் தர முடியாது. அனுமதிக்கப்பட்ட வேலைக்கு, காரணம் சொல்லாமல் போகாமல் நிற்பது உங்கள் ஒப்பந்தத்தை நீங்களே பலவீனப்படுத்துவது. உம்மாவின் கிளினிக் கொப்பியின் பிரதியோடு லீவு கேளுங்கள், இல்லாவிட்டால் தனி அறையில் அல்லது வீட்டிலிருந்து கணக்கெழுதக் கேளுங்கள். உங்கள் வேலைக்கு அது நடக்கக்கூடியதுதான். வீட்டில் ஒருவருக்குக் கொரோனா கண்டு தனிமைப்படுத்தச் சொன்னால் மட்டும் யார் கூப்பிட்டாலும் வெளியே போகாதீர்கள்.

ஓடுகிற ஆலைக்கும் கடமை உண்டு. 2020 ஒக்டோபரில் வந்த கொரோனா ஒழுங்குவிதிகளின்படி இந்தக் காலத்தில் முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி, கை கழுவ வசதி, உடல் வெப்பநிலை பார்த்தல், உள்ளே வருவோரின் பெயர் விபரம் எல்லாம் கட்டாயம். மூட்டை ஏற்றும் இடத்தில் பத்துப் பேர் முகக்கவசம் இல்லாமல் நெருங்கி நின்றால் பி.எச்.ஐ.க்கோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கோ அறிவியுங்கள். கடையின் பின்கதவைப் பற்றியும் அங்கேயே சொல்லலாம், பெயரை வெளியே விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு.