பெரிய ஆட்டக்காரரைச் சாய்த்தவர் ஏன் மறுநாளே தோற்றுப்போகிறார்?

தலைப்பில் உள்ள கேள்வியை எனக்கு அனுப்பிய வாசகர், பேட்மிண்டன் ஆடும் சென்னைப் பையன் சங்கர் முத்துசாமியை மனதில் வைத்துத்தான் கேட்டிருக்கிறார். 2025 மார்ச்சில் பாசல் நகரில் நடந்த சுவிஸ் ஓபனில், உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆண்டன்சனை 18-21, 21-12, 21-5 என்று சங்கர் வென்றார். மறுநாள் காலிறுதியில் பிரான்சின் கிறிஸ்டோ போபோவிடம் 10-21, 14-21 என்று தோற்றார். "முதல் நாள் வெற்றி அதிர்ஷ்டமா? இல்லையென்றால் ஒரே ராத்திரியில் ஆட்டம் எங்கே போகும்?" என்பது கேள்வி.

அதிர்ஷ்டம் இல்லை. முதல் கேமை விட்டுக்கொடுத்த பிறகு ஒரு உலக நம்பர் 2-வைக் கடைசி கேமில் 5 பாயிண்டில் நிறுத்துவதை அதிர்ஷ்டம் செய்யாது. ஆனால் அந்த வெற்றி ஆண்டன்சனுக்கு எதிரான வெற்றி. போபோவுக்கு அதில் பங்கில்லை. நான் சொல்லவருவது இவ்வளவுதான். இது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன்.

கல்லூரியில் படித்தபோது மாவட்ட அளவிலான ஓபன் போட்டி ஒன்றில் ஆடினேன். காலிறுதியில் முதல் சீடு ஆட்டக்காரர், அதாவது போட்டியின் வரிசையில் முதலிடம் கொடுக்கப்பட்டவர், எனக்கு எதிரே வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், ஸ்மாஷ் அடித்தால் காக் (இறகுப்பந்து) நேராகக் காலடியில் வந்து விழும். யாரோடு யார் மோதுவது என்ற பட்டியல் (டிரா) வெளியான அன்றிலிருந்து மூன்று நாள் ஒரே பயிற்சிதான். நண்பன் ஒருவன் கோர்ட்டில் ஸ்டூல் போட்டு அதன் மேல் ஏறி நின்று ஸ்மாஷ் அடிப்பான். நான் அதை நெட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக இறக்கிவைப்பேன். ஒரு நாளைக்கு இருநூறு முன்னூறு அடி. உயரமானவரை முன்னே வரவழைத்துக் குனிய வைத்துவிட்டால் திரும்பிப் பின்னால் போக அவருக்கு நேரமாகும் என்பது எங்கள் கணக்கு. கணக்கு பலித்தது. மூன்று கேம் ஆடி ஜெயித்தேன். மண்டபமே எழுந்து கைதட்டியது.

சாயங்காலம் நான்கு மணிக்கு அரையிறுதி. எதிரே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். ஒரு ஸ்மாஷ்கூட அடிக்கவில்லை. என் பேக்ஹேண்ட் மூலைக்கு உயரமாக ஒன்று, அடுத்தது நெட்டில் ஒரு டிராப், மறுபடி அதே மூலை. நான் மூன்று நாள் பழகிய அடிக்கு வேலையே வரவில்லை. தொடை இறுகிப்போய், தரை துடைக்கிற பையனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மூச்சு வாங்கினேன். இரண்டே கேமில் முடிந்தது. பேட்டுக்கு நரம்பு கட்டித் தரும் கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "தம்பி, சாயங்காலம் நீ ஆடினது காலைல தோத்தவன்கூட. இவர்கூட இல்லை."

இத்தனை வருஷத்தில் எந்தப் பெரிய போட்டியைப் பார்த்தாலும் அந்த வார்த்தை காதில் கேட்கிறது. எல்லாவற்றிலும் பெரிய உதாரணம் 2017 ஜூனில் ஜகார்த்தா. இந்தோனேசிய ஓபனின் இரண்டாவது சுற்றில் நம் எச்.எஸ். பிரணாய், மலேசியாவின் லீ சோங் வெய்யை 21-10, 21-18 என்று நேர் கேம்களில் வென்றார். மறுநாள் காலிறுதியில் ரியோ ஒலிம்பிக் சாம்பியன், சீனாவின் சென் லாங்கை 21-18, 16-21, 21-19 என்று வென்றார். ரியோ இறுதிப்போட்டியில் மோதிக்கொண்ட இருவரையும் அடுத்தடுத்த நாளில் ஒருவரே சாய்த்தது எவ்வளவு பெரிய காரியம்! எங்கள் காலை நேர ஷட்டில் குழுவில் அன்றைக்கு யாரும் சரியாக ஆடவில்லை, டீக்கடையிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம். அரையிறுதியில் எதிராளி ஜப்பானின் கசுமாசா சகாய், தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்தவர். கோப்பையே வந்துவிட்டது என்று பேசினோம். முதல் கேம் 21-17, பிரணாய்க்கு. இரண்டாவது கேமில் மேட்ச் பாயிண்ட், அதாவது இன்னும் ஒன்று எடுத்தால் ஆட்டமே முடியும் என்ற நிலை, கைக்கு வந்து வந்து நழுவியது. 26-28. மூன்றாவது 18-21. முடிந்தது.

அந்த இரண்டாவது கேமை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். லீ சோங் வெய்க்கும் சென் லாங்குக்கும் எதிரே நின்றபோது பிரணாய்க்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை. கோட்டை ஒட்டி அடிக்கலாம், கை தாராளமாகப் போகும். சகாய்க்கு எதிரே நிற்கும்போது பிரணாய்தான் ஜெயித்தாக வேண்டியவர். துரத்தியவர் துரத்தப்படுபவராக ஆகிவிட்டார். 20-ஐத் தாண்டிய ஒவ்வொரு பாயிண்டிலும் அந்த வித்தியாசம் மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். கோட்டுக்கு அரை அடி உள்ளே பத்திரமாக அடிக்கத் தோன்றும், அந்த அரை அடி எதிராளிக்குப் போதும். ஆடியவர்களுக்கு இது தெரியும்.

அப்புறம் சகாய் என்ன ஆனார்? மறுநாள் இறுதிப்போட்டியில் இந்தியாவின் கிடாம்பி ஸ்ரீகாந்திடம் 11-21, 19-21 என்று தோற்றார். அதிர்ச்சி கொடுத்தவர் மறுநாள் சறுக்கும் கதை அவருக்கும் நடந்தது.

உடம்பையும் மறக்கக் கூடாது. உலகச் சுற்றுப் போட்டிகளில் முதல் சுற்றிலிருந்து இறுதிவரை பெரும்பாலும் தினமும் ஒரு ஆட்டம். பெரிய ஆட்டக்காரரை இரண்டே கேமில் ஊதித் தள்ளுவது அரிது. மூன்று கேம் போகும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ராத்திரி தூக்கமும் வராது. 2023 ஆகஸ்ட்டில் கோபன்ஹேகன் உலகச் சாம்பியன்ஷிப்பில் இதையும் பிரணாயே அனுபவித்தார். சிங்கப்பூரின் லோ கீன் யூவை மூன்று கேமில் தாண்டினார். மறுநாள் டென்மார்க்கின் விக்டர் ஆக்சல்சனை, அதுவும் அவருடைய சொந்த நாட்டு ரசிகர்கள் நடுவில், 13-21, 21-15, 21-16 என்று சாய்த்தார். அதற்கும் மறுநாள் அரையிறுதியில் தாய்லாந்தின் குன்லவுட் விதித்சர்ன் நின்றார். வயது 22, எதை அடித்தாலும் திருப்பிப் போடுகிறவர், அவசரமே படாதவர். 31 வயதில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டத்தையும் மூன்று கேம்வரை ஆடி முடித்துவந்த ஒருவருக்கு இதைவிடக் கடினமான எதிராளி அமையாது. முதல் கேமை 21-18 என்று பிரணாய் எடுத்தார். அதற்குப் பிறகு 13-21, 14-21. வெண்கலத்தோடு திரும்பினார். அந்த வெண்கலத்தை நான் தோல்வியாக எண்ணியதே இல்லை.

மேலே இருப்பவர்களுக்கும் இது நடக்கும். 2016 ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில் சீனாவின் லின் டானை 15-21, 21-11, 22-20 என்று லீ சோங் வெய் வென்றார். 2008, 2012 ஒலிம்பிக் இறுதிகளில் தன்னைத் தோற்கடித்தவரை வென்ற நாள் அது. மறுநாள் தங்கத்துக்கான ஆட்டத்தில் சென் லாங்கிடம் 18-21, 18-21. உலக நம்பர் 1 ஆக இருந்தவர் லின் டானை வென்றதை அதிர்ச்சி என்று சொல்ல முடியாதுதான். ஆனால் மனதில் இருந்த பெரிய ஆட்டம் முந்தின நாளே முடிந்துவிட்டது என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. மலேசிய நண்பர்கள் இதில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

சரி, எல்லோருமா மறுநாள் தோற்கிறார்கள்? இல்லை. 2021 டிசம்பரில் ஸ்பெயினின் உவெல்வா நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், சீடு எதுவும் இல்லாத சிங்கப்பூரின் லோ கீன் யூ முதல் சுற்றிலேயே ஒலிம்பிக் சாம்பியன் ஆக்சல்சனை 14-21, 21-9, 21-6 என்று வெளியேற்றினார். அதோடு நிற்கவில்லை. காலிறுதியில் பிரணாய், அரையிறுதியில் ஆண்டன்சன், இறுதியில் ஸ்ரீகாந்த் என எல்லோரையும் நேர் கேம்களில் வென்று உலகச் சாம்பியன் ஆனார். அதற்குச் சில வாரம் முன்பு இந்தோனேசிய ஓபன் இறுதியில் இதே ஆக்சல்சனிடம் மூன்று கேம் ஆடித் தோற்றிருந்தார். துபாயில் ஆக்சல்சனோடு சேர்ந்து பயிற்சியும் செய்திருந்தார். அதனால் ஆக்சல்சனின் வேகம் அவருக்குப் புதிது இல்லை. முக்கியமான விஷயம், லோவின் ஆயுதம் அவருடைய கால் வேகம். அது ஆக்சல்சனுக்கென்று தனியாகத் தயாரித்த திட்டம் இல்லை. எதிரே யார் நின்றாலும் அந்த வேகம் வேகம்தான். நான் அந்தக் கல்லூரிப் போட்டியில் கொண்டுபோனது ஒரே ஒரு பூட்டுக்கான சாவி. லோ கொண்டுவந்தது எல்லாப் பூட்டுக்கும் சேரும் சாவி.

2019-இல் பாசலில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் பி.வி. சிந்து பெற்ற வெற்றியும் அப்படிப்பட்டதுதான். காலிறுதியில் தைவானின் தாய் சூ யிங்கை 12-21, 23-21, 21-19 என்று மயிரிழையில் தாண்டினார். தாய் சூ யிங் சிந்துவுக்கு எப்போதும் ஆகாத எதிராளி. கடைசி நொடிவரை பேட்டைப் பிடித்து வைத்திருந்து மணிக்கட்டைத் திருப்பித் திசையை மாற்றுவார், சிந்து ஒரு பக்கம் காலெடுத்து வைத்தபின் காக் மறுபக்கம் போகும். இருவரின் மொத்தக் கணக்கில் தாய் சூ யிங் வெகு தூரம் முன்னே இருக்கிறார். ஆனால் ரியோ ஒலிம்பிக்கிலும் பாசலிலும் ஜெயித்தது சிந்து. மொத்த எண்ணை மட்டும் வைத்துப் பேசுகிற ரசிகர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பாசலில் அந்த ஆட்டத்தோடு சிந்து களைத்துவிடுவார் என்றுதான் எங்கள் குழுவிலும் பேசினோம். ஆனால் அரையிறுதியில் சீனாவின் சென் யூஃபெய்யை 21-7, 21-14 என்றும், இறுதியில் ஜப்பானின் ஒகுஹாராவை 21-7, 21-7 என்றும் வென்றார். இதே ஒகுஹாராவோடு 2017 கிளாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் 110 நிமிடம் ஆடி 20-22 என்று கடைசி கேமை இழந்தவர் அவர். பாசல் இறுதி 38 நிமிடத்தில் முடிந்தது. மாறி மாறி அடித்துக்கொண்டே போகும் நீண்ட ரேலிக்குள் போகாமல், உயரத்தையும் ஸ்மாஷையும் முதல் வாய்ப்பிலேயே பயன்படுத்தினார். அந்த இறுதிப்போட்டியை நான் நின்றுகொண்டே பார்த்தேன், உட்கார முடியவில்லை.

இப்போது சங்கருக்கு வருவோம். இடது கை, விடாமல் எடுத்துப் போடும் தடுப்பாட்டம், அந்த ஆட்டத்தின்போது 21 வயதிலேயே வியக்க வைத்த பொறுமை. ஆண்டன்சன் போன்ற ஒருவரை அந்தப் பொறுமை கரைத்துவிட்டது. அதே பொறுமை எல்லோரிடமும் அதே விலைக்குப் போகாது. தடுத்து ஆடி ஜெயிக்கிறவர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் காலால் விலை கொடுக்கிறார். முந்தின நாள் மூன்று கேம் கொடுத்த விலை மறுநாள் காலையில் தெரியும். தானாகப் பாயிண்டை முடிக்கிற ஒரு அடி அவரிடம் இன்னும் கூர்மையானால் காலிறுதிகளின் கதை மாறும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள். அந்த 21-5 கேமின் காணொளி கிடைத்தால் மறுபடி ஓடவிட்டு, ஸ்கோரைப் பார்க்காமல், எந்த அடியில் ரேலி முடிகிறது, கடைசியாகத் தவறு செய்தது யார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே மறுநாள் போபோவ் ஆட்டத்துக்கும் குறித்துக்கொண்டு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று கீழே எழுதுங்கள், நாளைக் காலை டீக்கடையில் அதைத்தான் பேசப்போகிறேன்.