கணவரைவிட எனக்கு ரத்தக்குழாய் விறைப்பு அதிகம் இருப்பது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 56, கணவருக்கு 60. இருவருக்கும் ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ (தொப்பை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்புக் கோளாறுகளில் சில ஒன்றுசேர்ந்த நிலை) இருக்கிறதாம். ரத்தக்குழாய் விறைப்புப் பரிசோதனையில் அவருக்கு நொடிக்கு 9.2 மீட்டர், எனக்கு 11.4 என்று வந்தது. தொப்பையும் சிகரெட்டும் அவருக்குத்தான். என் ரத்த அழுத்தம் 152/76. கீழ் எண் நன்றாக இருப்பதால் பயமில்லை என்கிறார்கள். நல்ல கொழுப்பு 44. மாதவிடாய் நின்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எனக்கு மட்டும் ஏன் இப்படி? – வாசகி, கும்பகோணம்.

பதில்: புகைப்பவர் தப்பித்து நீங்கள் மாட்டிக்கொண்டதுபோல் தோன்றுவது இயல்புதான். ஆனால் ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

இதயம் சுருங்கும்போது, அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி சற்று விரிந்து கொடுக்க வேண்டும். வயது ஏற ஏற அதன் சுவரில் உள்ள, ரப்பர்போல் நீளும் எலாஸ்டின் இழைகள் அறுபடுகின்றன, விறைப்பான கொலாஜன் இழைகள் கூடுகின்றன. ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இன்னும் இறுக்கிவிடுகிறது. பழைய சைக்கிள் டியூப் போல விறைத்துப்போன குழாயில் நாடித் துடிப்பின் அலை வேகமாக ஓடும். உங்கள் அறிக்கையில் இருப்பது அந்த வேகம்தான். கழுத்துக்கும் தொடைக்கும் இடையே அளந்திருந்தால் 10-க்கு மேல் அதிகம். கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி அளந்திருந்தால் எண் இயல்பாகவே கூடுதலாக வரும். எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பெண்ணின் ரத்தக்குழாயை இளக்கமாக வைத்திருக்க உதவுகிறது. அது குறைந்ததும் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்குள் சேரத் தொடங்கும். சர்க்கரையும் அழுத்தமும் ஏறும். இந்தக் கோளாறுகள் ஒன்றுகூடும்போது பெண்ணின் ரத்தக்குழாய்க்கு விளையும் கேடு ஆணுக்கு விளைவதைவிடப் பெரிது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. உயரமும் ஒரு காரணம். உயரம் குறைந்த உடலில், எதிரொலித்துத் திரும்பும் அலை சீக்கிரமே இதயத்தை வந்தடைந்து மேல் அழுத்தத்தைக் கூட்டுகிறது.

‘கீழ் எண் நன்றாக இருக்கிறது’ என்ற ஆறுதலை நான் ஏற்கமாட்டேன். மகாதமனி விறைத்தால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். 152-இல் 76-ஐக் கழித்தால் 76 வருகிறது. இந்த இடைவெளி 60-ஐத் தாண்டினாலே விறைப்பைச் சந்தேகிக்க வேண்டும். வீட்டில் அழுத்தமானி இருந்தால் செலவின்றி நீங்களே கவனித்து வரலாம். நல்ல கொழுப்பு 44 என்பது ஆணுக்குப் போதும். பெண்ணுக்கு 50 வேண்டும். இடுப்பளவும் அப்படித்தான்: நம் நாட்டு ஆணுக்கு எல்லை 90 செ.மீ., பெண்ணுக்கு 80.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது மூச்சுவாங்கல். ‘வயதாகிவிட்டது, எடை போட்டுவிட்டது’ என்று பெண்களே இதைத் தள்ளிவிடுகிறார்கள். விறைத்த குழாயை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் தசை தடித்து, தளர்ந்து விரிய முடியாமல் போகலாம். சுருங்கும் திறன் குறையாமலே வரும் இந்த வகை இதயச் செயலிழப்பு பெண்களிடம்தான் அதிகம். ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். இதயம் எப்படி விரிகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு பரிசோதனைகளும் தேவை.

மேல் அழுத்தத்தை 130-க்கு அருகில் கொண்டுவர உங்கள் மருத்துவர் மாத்திரை தந்தால் தயங்காதீர்கள். எக்கோ பார்த்த பிறகு, வாரத்துக்கு 150 நிமிட வேக நடையை இலக்காக வைத்து மெல்லத் தொடங்குங்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். ரத்தக்குழாய்க்காக ஹார்மோன் மாத்திரை வேண்டாம். இதயநோயைத் தடுக்க அதைப் பரிந்துரைப்பதில்லை.

கணவரின் 9.2-ஐப் பார்த்து அவர் நிம்மதி அடைய வேண்டாம். விறைப்பு வேறு, அடைப்பு வேறு. இதயத் தமனி அடைப்பு ஆண்களைத்தான் முந்திக்கொண்டு தாக்குகிறது. இந்தப் பரிசோதனை அடைப்பைக் காட்டாது. சிகரெட்டை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.