வியன்னாவின் இசை அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போகலாமா?

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

வியன்னாவுக்கு வந்து 4 மாதங்கள் ஆகின்றன என்றும், 5 வயது மகனையும் 11 வயது மகளையும், குளிர்காலத்தை உங்களோடு கழிக்க ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ‘ஹவுஸ் டெர் மூசிக்’ என்னும் இசை அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மேற்கத்திய இசையைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, ஜெர்மன் மொழியும் இன்னும் பிடிபடவில்லை, கொடுக்கும் கட்டணம் வீணாகிவிடுமோ என்பது உங்கள் கவலை. 18 ஆண்டுகளாக இங்கே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தயங்காமல் போங்கள். ஆனால் இசையைக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். சத்தம் போடப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துப் போங்கள்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்நாட்டுக்கு வந்த புதிதில் நாம் பிள்ளைகளிடம் மிக அதிகமாகச் சொல்லும் சொல் ‘மெதுவா’ என்பதுதான். டிராமில் மெதுவாகப் பேச வேண்டும், மாடிப்படியில் மெதுவாக இறங்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் நாற்காலியைக்கூட இழுக்கக் கூடாது. நாங்கள் வந்த இரண்டாம் ஆண்டில் என் மூத்த மகன் மிருதங்கம் பழகத் தொடங்கினான். மூன்றாம் வாரமே கதவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. மிகவும் மரியாதையான மொழியில்தான் எழுதியிருந்தார்கள். ஆயினும் அன்றிலிருந்து அவன் மிருதங்கத்தின் தொப்பி என்னும் இடப்பக்கத்தின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டுதான் வாசித்தான். அப்படி வளர்ந்த பையன் இந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும், தொடக் கூடாத பொருளைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “அப்பா, இங்கே எல்லாத்தையும் அடிக்கலாமா?” என்று கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகரின் முதல் வட்டாரத்தில், சைலர்ஷ்டேட்டே தெருவில் உள்ள பழைய அரண்மனை அது. ஆர்ச்டியூக் கார்ல் என்ற இளவரசர் வாழ்ந்த மாளிகை. 1842-இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைத் தொடங்கிய ஓட்டோ நிக்கோலாய் இதே கட்டடத்தில் குடியிருந்திருக்கிறார். அருங்காட்சியகமாக 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. காட்சிகளில் பெரும்பாலானவை கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லாமல் கைக்கும் காதுக்கும் எட்டும்படி இருப்பதால் மொழி தெரியாதது பெரிய குறையாகப் படாது. விளக்கங்களை ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார்கள்.

நாங்கள் முதல் தடவை செய்த தவறு, தளங்களை வரிசையாகப் பார்க்கத் தொடங்கியது. முதல் தளம் ஃபில்ஹார்மோனிக் குழுவின் வரலாறு. அதில் ஒவ்வொரு பலகையையும் நான் நின்று படிக்க, சின்னவனுக்குப் பசியும் சலிப்பும் வந்துவிட்டன. நீங்கள் மின்தூக்கியில் ஏறி நேராக இரண்டாம் தளத்துக்குப் போய்விடுங்கள். ஒலி என்றால் என்ன, காது அதை எப்படி வாங்குகிறது, மூளை எங்கே ஏமாறுகிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆள் உயரத்தையும் மிஞ்சும் வாத்தியங்கள் அங்கே உண்டு. பெரிய முரசை அறைந்தால் அதிர்வு காதுக்கு வருவதற்கு முன்பே நெஞ்சில் இறங்குவதைப் போல இருக்கும். உங்கள் மகன் அங்கிருந்து நகர மாட்டான். அவனை ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் மேற்கொண்டு நடப்பதுதான் நல்லது.

அதே தளத்தில், தாயின் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு வெளியுலகம் எப்படிக் கேட்கும் என்று காட்டும் ஓர் இடம் இருக்கிறது. உங்கள் அம்மாவை அங்கே சற்று நேரம் உட்கார வையுங்கள். உயர்ந்த சுருதிகள் தசையையும் நீரையும் கடந்து வரும்போது மங்கிவிடுகின்றன. தாழ்ந்த ஒலிகள், இதயத் துடிப்பு, தாயின் குரல் ஆகியவை உள்ளே போகின்றன. என் மாமியார் அங்கே கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு, “வளைகாப்பு அன்னைக்கு அடுக்கின வளையல் சத்தம் இவளுக்கு இப்படித்தான் கேட்டிருக்கும்” என்று என் மனைவியைக் காட்டிச் சொன்னார். கருவிலுள்ள குழந்தைக்குக் கேட்கும் திறன் ஆறாம் மாத முடிவை ஒட்டித்தான் தொடங்குகிறது என்கிறார்கள். நம்மவர்கள் ஏழாம் மாதத்தில் கையில் வளையல் அடுக்கினார்கள். அவர்கள் இதை அறிந்துதான் செய்தார்களா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அபிமன்யு வயிற்றுக்குள் இருந்தபடியே சக்கர வியூகத்தைப் பற்றிக் கேட்ட கதையை என் மகள் அன்றுதான் முழுதாகக் கேட்டாள். அதுவும் தமிழில், ஓர் ஆஸ்திரிய அரண்மனையின் இரண்டாம் தளத்தில்.

மூன்றாம் தளம் ஹைடன், மொசார்ட், பேத்தோவன், ஷூபர்ட், ஸ்ட்ராஸ், மாலர் ஆகிய இசையமைப்பாளர்களுக்கு உரியது. எல்லா அறைகளிலும் நிற்க வேண்டியதில்லை. இரண்டில் மட்டும் நின்றால் போதும். பேத்தோவன் அறையில், அவருடைய செவித்திறன் ஆண்டுக்கு ஆண்டு எப்படிக் குறைந்தது என்பதை நம் காதாலேயே கேட்டு அறிய முடியும். ஒரே இசை, கேட்கக் கேட்க, சுவருக்கு அப்பாலிருந்து வருவதைப் போல மங்கிக்கொண்டே போகும். ஹைலிகன்ஷ்டாட் என்ற ஊரில், இன்று நகரின் 19-ஆம் வட்டாரமாகிவிட்ட இடத்தில், தம் செவிட்டுத்தன்மையைப் பற்றி அவர் தம்பிகளுக்கு மனமுடைந்து எழுதியது 1802-இல். அவருடைய புகழ்பெற்ற ஒன்பதாம் சிம்ஃபனி இதே வியன்னாவில் அரங்கேறியது 1824-இல். இடைப்பட்ட 22 ஆண்டுகளைப் பற்றி உங்கள் மகளிடம் நீங்கள் எதுவும் விளக்க வேண்டியதில்லை. அவள் தானாகவே கேட்பாள்.

மற்றொன்று மொசார்ட் அறை. எழுத்துகளுக்கு மெட்டுத் துண்டுகளைப் பொருத்தி அவர் குறித்து வைத்திருந்த ஒரு விளையாட்டை அடிப்படையாகக் கொண்டு, நம் பெயரைத் தட்டினால் அதை இசையாக்கித் தரும் ஒரு பொறி அங்கே இருக்கிறது. இந்நாட்டில் எந்தப் படிவத்திலும் கட்டத்துக்குள் அடங்காத நம் பெயர்களால், அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகிவிட்ட குழப்பத்தால், நீங்கள் இதற்குள் எத்தனை அலுவலகங்களில் எழுத்துக் கூட்டிச் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே மட்டும் நீளமான பெயருக்கு ஆதாயம் உண்டு. என் மகளின் பெயர் பாட்டாக ஓடியபோது, பின்னால் நின்றுகொண்டிருந்த நாலெழுத்துப் பெயர்க்காரச் சிறுமி பொறாமையோடு பார்த்தாள்.

இந்த அறைகளைக் கடந்தால் வருவது, எல்லாரும் பேசும் அந்த இசைக்குழு நடத்துநர் மேடை. திரையில் ஃபில்ஹார்மோனிக் குழு உட்கார்ந்திருக்கும்; உங்கள் கையில் ஒரு கோல். கோலின் வேகத்துக்கு ஏற்ப இசை வேகமெடுக்கும், தளரும். தாறுமாறாக வீசினால் கலைஞர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு உங்களைக் கடிந்துகொள்வார்கள். இந்த அருங்காட்சியகத்தின் கௌரவத் தலைவர் மும்பையில் பிறந்த இசைக்குழு நடத்துநர் சுபின் மேத்தா. 1954-இல், 18 வயதில் இந்நகருக்குப் படிக்க வந்தவர், பின்னாளில் ஃபில்ஹார்மோனிக் குழுவின் புத்தாண்டுக் கச்சேரியை 5 தடவை நடத்தினார். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்பதில் தவறில்லை.

என் மாமியார் மேடையேற மாட்டேன் என்றுதான் சொன்னார். 1867-இல் இந்நகரில் முதன்முதலாக அரங்கேறிய ஸ்ட்ராஸின் ‘நீல டான்யூப்’ என்னும் வால்ட்ஸ், அதாவது மூன்று தட்டில் ஓடும் நடன இசை, ஒலிக்கத் தொடங்கியதும் அவர் கை தன்னால் தொடையில் தட்டத் தொடங்கியது: தட்டு, தட்டு, வீச்சு. “ரூபகம்தானே இது?” என்றார். வால்ட்ஸில் முதல் தட்டுக்கு உள்ள அழுத்தம் நம் ரூபக தாளத்தில் அப்படியே இருப்பதில்லை. ஆனாலும் மூன்று மூன்றுதான். கோலை வாங்கிக்கொண்டு, சற்று மெதுவான காலத்தில், ஆனால் இம்மியும் பிசகாமல் முடிவு வரை நடத்திக் கைத்தட்டலோடு இறங்கினார். நான் ‘ராடெட்ஸ்கி’ அணிநடையை எடுத்துப் பாதியில் திட்டு வாங்கினேன். மேற்கத்திய இசை தெரியாது என்று உங்கள் அம்மா ஒதுங்கினால் அவரை விட்டுவிடாதீர்கள். தாளம் போடத் தெரிந்தவருக்கு அங்கே இடமுண்டு.

நேரமிருந்தால் இறங்கும் வழியில் முதல் தளத்தைப் பாருங்கள். பகடையை உருட்டி வால்ட்ஸ் அமைக்கும் விளையாட்டு அங்கே இருக்கிறது. அதற்குப் 10 நிமிடம் போதும். உலகப் புகழ்பெற்ற அந்தக் குழு 1997 வரை ஒரு பெண்ணைக்கூட நிலையான உறுப்பினராகச் சேர்க்கவில்லை என்பதையும் உங்கள் மகளுக்குச் சொல்லலாம். சுவரில் இருக்கும் பழைய படங்களை அவள் வேறு கண்ணோடு பார்ப்பாள்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரியக் கூட்டரசின் அருங்காட்சியகங்களில் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. இது அந்த வகையைச் சேராது, நகராட்சியின் நிறுவனம் நடத்துவது, ஆகவே பிள்ளைகளுக்கும் கட்டணம் உண்டு. குடும்பச் சீட்டு இருக்கிறதா என்று முகப்பில் கேட்டுவிட்டு வாங்குங்கள். மொசார்ட் குடியிருந்த டோம்காஸ்ஸே வீட்டையும் சேர்த்த சீட்டு ஒன்றைக் காட்டுவார்கள். 5 வயதுப் பிள்ளையோடு அதை எடுக்காதீர்கள், அங்கே அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மகளுக்கு உண்மையிலேயே ஆர்வம் பிறந்தால், ஹெல்டன்பிளாட்ஸ் சதுக்கத்தில் நோயே புர்க் கட்டடத்திலுள்ள பழைய இசைக்கருவிகளின் தொகுப்புக்கு வேறொரு நாள் போங்கள். அது கூட்டரசுடையது, அவளுக்கு இலவசம். ஆனால் அங்கே எதையும் தொட முடியாது.

கார்ல்ஸ்பிளாட்ஸ் நிலையத்தில் இறங்கி, ஓபரா பக்கமாக வெளியே வந்தால் 10 நிமிட நடைதான். உங்கள் அம்மாவுக்குக் குளிரில் நடப்பது சிரமம் என்றால் டிராமில் ஷ்வார்ட்சன்பெர்க்பிளாட்ஸ் வரை வரலாம். கனத்த கோட்டுகளை வைத்துவிட்டு உள்ளே போங்கள்; 3 மணி நேரத்தை ஒதுக்குங்கள்.

மிதித்தால் பியானோவாக ஒலிக்கும் மாடிப்படியை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போதே அதில் கால் வைத்தால் பிள்ளைகள் மேலே வர மாட்டார்கள். எங்கள் சின்னவன் அதில் நம் கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசையைத் தேடிக்கொண்டு அரைமணி நேரம் ஏறி இறங்கினான். காவலர் ஒருவர் அருகில் வந்தபோது, பழக்கத்தால் நான் ‘மெதுவா’ என்று சொல்ல வாயெடுத்தேன். அவரோ அவனுக்கு வழிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.