காப்புரிமையைப் பிறருக்குக் கொடுப்பதும் வாங்குவதும்: கேள்வி பதில்

உரிம ஒப்பந்தங்களை எழுதுவதும், பிறர் எழுதியதைச் சிவப்பு மையால் அடிப்பதுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டேன். கொடுப்பவர் பக்கமும் அமர்ந்திருக்கிறேன், வாங்குபவர் பக்கமும் அமர்ந்திருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால், கையெழுத்திடும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வால்வு வடிவமைப்புக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. இனி தயாரித்து விற்க யாருடைய அனுமதியும் தேவையில்லைதானே?

தேவைப்படலாம். காப்புரிமை என்பது நீங்கள் செய்வதற்கான உரிமை அன்று. பிறர் செய்வதைத் தடுப்பதற்கான உரிமை. உங்கள் வால்வு இன்னொருவர் காப்புரிமை பெற்ற அடைப்பு முறையின்மேல் நிற்கிறது என்றால், அவர் உங்களைத் தடுக்கலாம். உங்கள் மேம்பாட்டை அவர் பயன்படுத்தாதபடி நீங்களும் தடுக்கலாம். இருவரும் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஜேம்ஸ் வாட்டுக்கே இது நேர்ந்தது. நீராவி எந்திரத்தின் மேலும் கீழுமான அசைவைச் சுழற்சியாக்கக் கிராங்க் தேவை. 1780-இல் ஜேம்ஸ் பிக்கார்ட் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வாட் காப்புரிமை வைத்திருந்த தனிக் குளிர்விப்பானை (நீராவியை உருளைக்கு வெளியே வேறு கலத்தில் குளிர்விக்கும் அமைப்பு) பயன்படுத்த விட்டால் கிராங்கைத் தருவதாகப் பிக்கார்ட் தரப்பு கேட்டது. வாட் மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாகச் சூரியனைக் கோள் சுற்றுவதுபோல ஒரு சக்கரம் இன்னொன்றைச் சுற்றும் பற்சக்கர அமைப்பு ஒன்றை உருவாக்கி 1781-இல் காப்புரிமை பெற்றார். அவ்வளவு பாடுபட்டுச் சுற்றுவழி காண எல்லாராலும் முடியாது. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் பிக்கார்ட் கேட்டதையே இன்று வழக்கமாகச் செய்கின்றன: உன்மேல் நான் வழக்குப் போடமாட்டேன், என்மேல் நீ போடாதே என்று கைமாற்றிக்கொள்கின்றன. இதைக் குறுக்கு உரிமம் என்பார்கள். அடிப்படையில் எல்லா உரிமமும் இந்த வாக்குறுதிதான். அதற்குமேல் நீங்கள் எதிர்பார்ப்பது எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: உரிமம் கொடுப்பதற்கும் காப்புரிமையை விற்பதற்கும் என்ன வேறுபாடு?

வீட்டை வாடகைக்கு விடுவதற்கும் கிரயம் எழுதிக்கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். ஒப்பந்தத்தின் தலைப்பில் 'உரிமம்' என்று இருந்தாலும், உள்ளே எல்லா உரிமையும் மீளமுடியாதபடி போய்விட்டால் நீதிமன்றம் அதை விற்பனையாகவே பார்க்கக்கூடும். தலைப்பை நம்பாதீர்கள்.

கேள்வி: ஒரு நிறுவனம் 'எங்களுக்கு மட்டுமே' உரிமம் வேண்டும் என்கிறது. கொடுக்கலாமா, பலருக்கும் கொடுக்கலாமா?

எதற்குக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். மருந்து போன்றவற்றில் உரிமம் வாங்கியபின் பல ஆண்டுச் சோதனைச் செலவு இருக்கிறது. போட்டியாளரும் அதையே விற்கலாம் என்றால் யாரும் அந்தச் செலவில் இறங்கமாட்டார்கள். அங்கே ஒருவருக்கு மட்டும் தருவது நியாயம். பலருக்கும் பயன்படும் அடிப்படைக் கருவி என்றால் எல்லாருக்கும் குறைந்த விலையில் கொடுப்பதே நல்லது. மரபணுவை வெட்டி ஒட்டும் கோஹன்–போயர் காப்புரிமைகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இப்படித்தான் கொடுத்தது. தொடக்கத்தில் 10,000 டாலர், ஆண்டுக்கு 10,000 டாலர், விற்பனைப் பொருளின்மேல் சிறிய விகிதம். வழக்குக்குப் போவதைவிடக் கட்டிவிடுவது மலிவு என்று ஒவ்வொரு நிறுவனமும் நினைக்கும் தொகை அது. 1997-இல் காலம் முடிவதற்குள் 468 நிறுவனங்கள் வாங்கின. மொத்த வருவாய் சுமார் 25.5 கோடி டாலர்.

இடைப்பட்ட வழிகளும் உண்டு. ஒரே பசையைக் கார்களுக்கு ஒருவருக்கும், மருத்துவக் கருவிகளுக்கு இன்னொருவருக்கும் தனித்தனியே கொடுக்கலாம். நாடுவாரியாகப் பிரிக்கலாம். 'தனி உரிமம்' என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது: பல இடங்களில் அதன் பொருள், உரிமையாளரான நீங்களும் செய்யக்கூடாது என்பது. நீங்களும் செய்ய நினைத்தால் அதைத் தனியே எழுதுங்கள்.

ஒருவருக்கே கொடுப்பதென்று முடிவானால், அவர் சும்மா இருக்கமுடியாதபடி கட்டுங்கள். இத்தனை ஆண்டுக்குள் விற்பனை தொடங்க வேண்டும், விற்றாலும் விற்காவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு தர வேண்டும், தவறினால் தனியுரிமை போய்விடும். உங்கள் கண்டுபிடிப்பு தன் பழைய பொருளுக்குப் போட்டியாகிவிடக்கூடாது என்பதற்காகவே வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: ராயல்டி, அதாவது விற்பனைக்கு ஏற்ப உரிமையாளருக்குத் தரும் பங்கு, எத்தனை சதவீதம் கேட்கலாம்? 25 சதவீத விதி என்று ஒன்று இருக்கிறதாமே?

இருந்தது. வாங்குபவர் எதிர்பார்க்கும் இலாபத்தில் கால் பங்கு காப்புரிமைக்காரருக்கு என்று ஒரு கைக்கணக்கு. யூனிலாக்–மைக்ரோசாஃப்ட் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் அதற்கு அடிப்படையே இல்லை என்று தூக்கியெறிந்துவிட்டது. சரியாகத்தான் செய்தது. ஊசிக்கும் கப்பலுக்கும் ஒரே விகிதம் எப்படிப் பொருந்தும்?

எல்லாரும் சதவீதத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். எதன்மேல் அந்தச் சதவீதம் என்று கேட்பவர் குறைவு. முழுப் பொருளின் விலையிலா, உங்கள் பாகத்தின் விலையிலா? தள்ளுபடி போன்ற கழிவுகள் போனபிறகா, போவதற்கு முன்பா? தொழிலில் இறங்கிய புதிதில் நான் எழுதிய ஒப்பந்தம் ஒன்றில் 'நிகர விற்பனையில் 3 சதவீதம்' என்று போட்டுவிட்டுப் பெருமையாக இருந்தேன். வாங்கிய நிறுவனம் பொருளைத் தன் துணை நிறுவனத்துக்கு அடிமாட்டு விலைக்கு விற்றது. துணை நிறுவனம் சந்தை விலைக்கு விற்றது. எங்களுக்கு வந்தது முதல் விற்பனையின் 3 சதவீதம். என் எழுத்தின்படி அவர்கள் செய்தது தவறே இல்லை. அன்றிலிருந்து 'தொடர்பில்லாத மூன்றாம் நபருக்கு விற்கும் விலை' என்ற சொற்கள் இல்லாமல் எந்த வரைவும் என் மேசையைத் தாண்டியதில்லை.

இதிலும் வாட் நமக்கு முன்னோடி. அவரும் அவருடைய கூட்டாளி போல்டனும் எந்திரத்துக்கு விலை வைத்ததைவிட, பழைய நியூகோமன் எந்திரத்தோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் எரிபொருள் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டார்கள். கார்ன்வால் சுரங்கங்களுக்கு நிலக்கரி கடல்வழியே வரவேண்டும், விலை அதிகம். அதனால் மிச்சமும் பெரிது. எந்திரம் எத்தனை முறை அடித்தது என்பதை எண்ணும் கருவி ஒன்றைப் பூட்டிய பெட்டிக்குள் பொருத்தினார்கள். அந்தப் பெட்டியின் இன்றைய பெயர் தணிக்கை உரிமை: வாங்கியவரின் கணக்குப் புத்தகங்களை நீங்கள் அமர்த்தும் தணிக்கையாளர் பார்க்கலாம், குறிப்பிட்ட அளவுக்குமேல் குறைத்துக் காட்டியிருந்தால் தணிக்கைச் செலவும் அவர் தலையில். ஒருமுறையாவது அதைப் பயன்படுத்துங்கள். இவ்வளவு செய்தும் சுரங்க முதலாளிகள் பிற்காலத்தில் பணம் தர மறுத்தார்கள், வழக்குகள் 1799 வரை இழுத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கண்டுபிடிப்பை எவ்வளவு சொல்லலாம்?

விண்ணப்பம் போட்டபிறகு போங்கள். முடியாவிட்டால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பேசுங்கள். பெரிய முதலீட்டாளர்கள் அதில் கையெழுத்துப் போட மறுப்பதும் உண்டு; அப்போது என்ன பலன் என்பதை மட்டும் சொல்லுங்கள், எப்படி என்பதைச் சொல்லவேண்டாம். மாநாட்டில் பேசுவதும் கட்டுரை வெளியிடுவதும் இதைவிட ஆபத்து. கோஹனும் போயரும் தங்கள் கட்டுரையை 1973 நவம்பரில் வெளியிட்டுவிட்டார்கள். அமெரிக்கச் சட்டம் அனுமதித்த ஓராண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது விண்ணப்பம் போனது. அங்கே தப்பித்தார்கள். அத்தகைய சலுகை இல்லாத நாடுகளில் உரிமை கட்டுரையோடு போயிற்று.

கேள்வி: காப்புரிமைக்குப் பணம் கட்டி உரிமம் வாங்கிவிட்டோம். ஆவணத்தில் உள்ளபடி செய்தால் பொருள் சரியாக வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் வாங்கியது வழக்கிலிருந்து பாதுகாப்பு. செய்யத் தெரிவது வேறு சரக்கு. அதைத் தனியாகக் கேட்டு, தனியாக விலை பேசி வாங்க வேண்டும்.

பின்னாளில் சோனி என்று பெயர் மாற்றிக்கொண்ட ஜப்பானிய நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து 25,000 டாலருக்கு டிரான்சிஸ்டர் உரிமம் வாங்கியது. கிடைத்தது காப்புரிமை மட்டும்; தயாரிப்பு நுணுக்கம் அதில் அடங்காது. எனவே இவாமா என்ற பொறியாளர் 1954-இல் அமெரிக்கா சென்று தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். கண்ணால் கண்டதை நினைவில் வைத்துக்கொண்டு இரவில் விடுதியில் உட்கார்ந்து கடிதங்களாக எழுதி அனுப்பினார். மறு ஆண்டே அவர்களின் டிரான்சிஸ்டர் ரேடியோ சந்தைக்கு வந்துவிட்டது.

இவாமா மாதிரி ஆள் உங்களிடம் இல்லை என்றால், ஒப்பந்தத்தில் எழுதிவாங்குங்கள்: வரைபடங்கள், கலவை விகிதங்கள், தோல்வியடைந்த சோதனைகளின் குறிப்புகள் (இவைதான் மிக மதிப்புள்ளவை), அவர்கள் பொறியாளர் உங்கள் ஆலையில் இத்தனை நாள் இருந்து கற்றுத்தருவது, முதல் தொகுதி தரத்தை எட்டும்வரை கடைசித் தவணையை நிறுத்திவைப்பது. ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதா? அப்படியானால் தொழில்நுட்ப உதவிக்குத் தனி ஒப்பந்தம் கேளுங்கள். நீங்கள் விற்றால்தான் அவர்களுக்கும் ராயல்டி என்பதால் பெரும்பாலும் இறங்கிவருவார்கள்.

கேள்வி: காப்புரிமைக் காலம் முடிந்தபிறகும் ராயல்டி கட்டவேண்டுமா?

பெரும்பாலான நாடுகளில் காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அதற்குப்பின் அதற்கென்று பணம் கேட்க முடியுமா என்பதில் நாடுகள் ஒரே கருத்தில் இல்லை. அமெரிக்காவில் முடியாது. ஸ்பைடர்மேன் போல நுரைக் கயிறு பீய்ச்சும் பொம்மைக்குக் காப்புரிமை வைத்திருந்த கிம்பிள், வழக்குப் போட்டு மார்வெலுடன் சமரசமானார். ஒரு மொத்தத் தொகை, விற்பனையில் 3 சதவீதம், முடிவுத் தேதி கிடையாது. பேசி முடித்தபோது, காலம் முடிந்தபின் ராயல்டி செல்லாது என்ற 1964-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இரு தரப்புக்குமே தெரியாது! பிறகு மார்வெல் அதைக் கண்டுபிடித்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் மார்வெல் பக்கமே தீர்ப்பளித்தது. ரகசியச் செய்முறையும் காப்புரிமையும் சேர்ந்த ஒப்பந்தம் என்றால் இரண்டுக்கும் தனித்தனி விகிதம் எழுதுங்கள். காப்புரிமை தீர்ந்ததும் விகிதம் இறங்கட்டும், செய்முறைக்கான பங்கு தொடரட்டும்.

கேள்வி: 'எங்கள் காப்புரிமையை மீறுகிறீர்கள், உரிமம் வாங்குங்கள்' என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. உடனே கட்டிவிடலாமா?

கட்டவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். அந்தக் காப்புரிமை நீங்கள் தயாரிக்கும், விற்கும் நாடுகளில் இருக்கிறதா? ஆண்டுக் கட்டணம் கட்டி உயிரோடு வைத்திருக்கிறார்களா? எழுதியவர்தான் உரிமையாளரா? இவை மூன்றும் ஒரு மதியத்தில் தெரிந்துவிடும். பிறகு கோரிக்கைப் பத்திகளை (காப்புரிமை எதுவரை செல்லும் என்று வரையறுக்கும் பகுதி) ஒவ்வொரு சொல்லாக உங்கள் பொருளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கூறு இல்லாவிட்டாலும் நேரடி மீறல் இல்லை. ஃபோர்டு இப்படித்தான் தப்பினார்: மோட்டார் வாகனத்துக்கே உரிமை கொண்டாடிய செல்டன் காப்புரிமை செல்லும், ஆனால் ஃபோர்டின் எஞ்சின் வகை அதில் அடங்காது என்று 1911-இல் தீர்ப்பானது. அதுவரை பல நிறுவனங்கள் சங்கமாகச் சேர்ந்து ராயல்டி கட்டிக்கொண்டிருந்தன.

மறுபக்கமும் பாருங்கள். பிளாக்பெர்ரி நிறுவனம், பொருள் எதையும் தயாரிக்காத என்டிபி என்ற காப்புரிமை நிறுவனத்தோடு ஆண்டுக்கணக்கில் மோதி, சேவையே நின்றுவிடும் நிலை வந்ததும் 2006-இல் 61.25 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தது. தொடக்கத்திலேயே பேசியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: நாங்கள் தயாரிக்கும் கருவியில் செல்பேசித் தரநிலை ஒன்று (எல்லாருடைய கருவிகளும் ஒன்றோடொன்று இணைய வகுத்த பொதுத் தொழில்நுட்ப விதி) இருக்கிறது. நூற்றுக்கணக்கான காப்புரிமைகளுக்குத் தனித்தனியே உரிமம் வாங்குவதா?

முதலில் உங்கள் சிப் விற்பவரைக் கேளுங்கள். அவர் விலையிலேயே சில உரிமங்கள் அடங்கியிருக்கலாம். எவை என்று எழுத்தில் வாங்குங்கள். மீதிக்குப் பல உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் காப்புரிமைத் தொகுப்பு இருந்தால் ஒரே கையெழுத்தில் முடியும். தரநிலைக்கு இன்றியமையாத காப்புரிமை வைத்திருப்பவர்கள் நியாயமான, பாகுபாடற்ற விதிமுறையில் தருவதாகத் தரநிலை அமைப்பிடம் வாக்குக் கொடுத்திருப்பார்கள். ஆனால் நீங்கள் பதிலே போடாமல் இழுத்தடித்தால் அந்த வாக்கு உங்களைக் காப்பாற்றாது. ஹுவாவே, இசட்டிஇ என்ற இரு சீனத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2015-இல் இரு தரப்புக்கும் படிகளை வகுத்தது: அவர் அறிவிப்பு அனுப்ப வேண்டும், நீங்கள் உரிமம் வாங்க விருப்பம் தெரிவிக்க வேண்டும், அவர் விலை சொல்ல வேண்டும், பிடிக்காவிட்டால் நீங்கள் எதிர்விலை சொல்ல வேண்டும். தேதிகளோடு கோப்பு வைத்திருங்கள்.

கேள்வி: உரிமம் வாங்கியபின் நாங்கள் செய்யும் மேம்பாடு யாருக்குச் சொந்தம்?

எழுதாவிட்டால், பொதுவாக உங்களுக்கு. அதனால்தான் கொடுப்பவர்கள் எழுதிவிடுகிறார்கள். மேம்பாடு முழுவதையும் இலவசமாக அவர்களுக்கே எழுதித்தர வேண்டும் என்ற பத்தி வந்தால் மறுத்துவிடுங்கள். சில நாடுகளில் அது போட்டிச் சட்டத்துக்கும் ஆகாது. அவர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம், உரிமை உங்களிடமே இருக்கும் என்பதுவரை போகலாம்.

கேள்வி: வரைவு கைக்கு வந்ததும் முதலில் எந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள்?

முதலில் ஒப்பந்தம் முறியும் பத்தியை. யார், எதற்காக, எத்தனை நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம், முடிந்த அன்று கிடங்கில் இருக்கும் சரக்கை விற்கலாமா, நிறுவனம் கைமாறினால் உரிமமும் கூடவே போகுமா. பிறகு சொல் விளக்கப் பட்டியல், அதிலும் 'நிகர விற்பனை'. தொகை எழுதிய பக்கத்துக்குக் கடைசியில்தான் போவேன். அதை எனக்கு முன்பே எல்லாரும் படித்திருப்பார்கள்.