வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதுற ஜிஆர்இ எக்ஸாமுக்கு டைமர் வச்சு போட்டா பதட்டத்துல தெரிஞ்ச கணக்கும் தப்பாகுது, எப்படி சமாளிக்கிறது?

நீங்க கேக்குற இதே நிலைமையில நானும் இருந்திருக்கேன். டைமர் இல்லாம போட்டா எல்லாம் சரியா வரும், டைமர் வச்சா அஞ்சாவது கேள்விலயே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். பயம்தான் காரணம்னு நெனச்சு மூச்சுப்பயிற்சி எல்லாம் பண்ணேன், கொஞ்சம் உதவுச்சு. ஆனா என் மாக் டெஸ்டை எல்லாம் உக்காந்து திரும்பிப் பாத்தப்பதான் புரிஞ்சுது, வராத ஒரு கணக்கை விட மனசில்லாம அதுலயே நாலு நிமிஷம் உக்காந்துடுறேன், அப்புறம் மிச்சத்துக்கு டைம் இல்லன்னு தெரிஞ்சதும்தான் கை நடுங்குது.

அதனால நான் தனியா பழகினது விடுறதை மட்டும்தான். 2023 செப்டம்பர்ல எக்ஸாமை சுருக்கினதுல இருந்து முதல் குவான்ட் (கணக்கு) செக்ஷன்ல 21 நிமிஷத்துக்கு 12 கேள்வி, அதாவது நாலு கேள்விக்கு 7 நிமிஷம். ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரத்தைப் பாக்காதீங்க, அதுவே பதட்டத்தை ஏத்தும். நாலாவது முடிஞ்சதும் 14 நிமிஷம் இருக்கா, எட்டாவது முடிஞ்சதும் 7 இருக்கா, அவ்ளோதான் பாக்கணும். ரெண்டு நிமிஷத்துல வழி தெரியலன்னா ஏதாவது ஒரு பதிலைப் போட்டு, மார்க் பண்ணிட்டு நகர்ந்துடுங்க, நெகட்டிவ் மார்க் கிடையாது, அதே செக்ஷனுக்குள்ள திரும்பி வந்து மாத்திக்கலாம். முதல் பத்து நாள் விட்டுட்டு போறது நெஜமாவே வலிக்கும், ஏதோ தோத்த மாதிரி இருக்கும். ஆனா திரும்பி வந்து பாக்கும்போது பாதி கணக்கு தானா அவிழும், எனக்கு அப்படித்தான் ஆச்சு.

வெர்பல்ல, அதாவது இங்கிலீஷ் பகுதியில, முதல் செக்ஷன் 18 நிமிஷத்துக்கு 12 கேள்வி. அங்க வார்த்தை நிரப்புற கேள்விகளை சீக்கிரம் முடிச்சு, பத்தியைப் படிச்சு பதில் சொல்ற கேள்விகளுக்கு டைம் சேத்து வைங்க.

இன்னொன்னு, முதல் செக்ஷன் எப்படி பண்றீங்களோ அதுக்கு ஏத்த மாதிரிதான் ரெண்டாவது வரும். இது தெரிஞ்ச நெறைய பேர் ரெண்டாவது ஈசியா இருக்கே, அப்ப முதல்ல சொதப்பிட்டோமோன்னு எக்ஸாம் நடுவுல கணக்கு போட்டு ஒடஞ்சு போறாங்க. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, உள்ள உக்காந்து அதைக் கணிக்கவே முடியாது.

மாக் டெஸ்டை உங்க ஸ்லாட் நேரத்துலயே, கட்டுரையில ஆரம்பிச்சு, இடைவேளை இல்லாம எழுதுங்க, ஏன்னா இப்ப எக்ஸாம்லயும் இடைவேளை கிடையாது. எக்ஸாம் நடத்துற இடிஎஸ்-ஸோட பவர்பிரெப்ல ரெண்டு மாக் டெஸ்ட் இலவசமா இருக்கு, அதுல ஒண்ணை கடைசி வாரத்துக்கு வச்சுக்கோங்க.

அப்புறம் தேதி. 21 நாள் இடைவெளி விட்டு திரும்ப எழுதலாம், எந்த ஸ்கோரை அனுப்புறதுன்னும் நீங்களே முடிவு பண்ணலாம். அதனால அப்ளிகேஷன் கடைசி தேதிக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே முதல் தடவைக்கு புக் பண்ணிடுங்க, இன்னொரு வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சு உள்ள போனப்போதான் எனக்கு முதல் கேள்வியை நிதானமா படிக்கவே முடிஞ்சுது.