அதிகம் பேசப்படாத, ஆனால் கௌரவிக்கப்பட வேண்டிய பொறியியல் பேராசிரியர் யார்?

என் பதில், ரான் ஷ்ரிம்ஃப். அமெரிக்காவில் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

பாம்பன்காரனுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அப்பா விசைப்படகு டிரைவர். நள்ளிரவில் எல்லை எங்கே என்று அவருக்குச் சொல்வது ஜிபிஎஸ்தான். கடலில் கோடு போட்டா வைத்திருக்கிறார்கள்? அந்த ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், பூமியைச் சுற்றி மின்துகள்கள் சிக்கிக் கிடக்கும் வான் ஆலன் கதிர்வீச்சு வளையத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. அங்கே துகள் மழை ஓய்வதே இல்லை. உள்ளிருக்கும் சிப்புகள் வருடக்கணக்கில் அதில் நனைந்துகொண்டே வேலை பார்க்க வேண்டும்.

கதிர்வீச்சு என்றதும் பலரும் சொல்வது, ஒரு துகள் பட்டு நினைவகத்தில் 0 என்பது 1 ஆகிவிடும் கதையை. அதுவும் சுவாரஸ்யம்தான். ஆனால் நான் ஷ்ரிம்ஃபை மதிப்பது வேறொரு வேலைக்காக.

ஒரு சிப் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, அதை ஆய்வகத்தில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளுக்கு முன்னால் வைப்பார்கள். நொடிக்கு 100 ராட் (உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் கொடுத்தால் ஒரு லட்சம் ராட் 17 நிமிடத்தில் முடிந்துவிடும். டீ குடித்துவிட்டு வந்து அளந்து பார்க்கலாம். விண்வெளியில் அதே அளவு சேர வருடங்கள் ஆகலாம். வேகமாகக் கொடுத்ததையே தாங்கிவிட்டது, மெதுவாக விழுவதையா தாங்காது என்று நினைக்கத் தோன்றும், இல்லையா? 1991-ல் சில இருமுனை (பைபோலார்) வகை டிரான்சிஸ்டர்களில் இது தலைகீழ் என்று தெரியவந்தது. அதே அளவை மெதுவாகக் கொடுத்தால்தான் அதிகம் கெடுகின்றன. ஏன் என்று தோண்டியவர்களில் முக்கியமானவர்கள், அப்போது அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்த ஷ்ரிம்ஃபும், சாண்டியா ஆய்வகத்தில் இருந்த டான் ஃப்ளீட்வுட்டும். பின்னாளில் இருவருமே வாண்டர்பில்ட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

காரணத்தை நம்மூர் பாஷையில் சொல்கிறேன். ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடப் போனால் என்ன ஆகும்? கூட்டம் கூட்டத்தையே மறிக்கும், பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை போனால் நேரே உள்ளே போய்விடலாம். டிரான்சிஸ்டரின் சிலிக்கான் மேல் மின்காப்பாக இருக்கும் ஆக்சைடு படலத்திலும் அப்படித்தான். கதிர்வீச்சு வேகமாக விழுந்தால் அங்கே நேர்மின்னூட்டங்கள் குவிந்து, பின்னால் வருவதைத் தள்ளி நிறுத்துகின்றன. பல, வழியிலேயே எலக்ட்ரானோடு சேர்ந்து காணாமல் போகின்றன. மெதுவாக விழுந்தாலோ நெரிசல் இல்லை. ஒவ்வொன்றாக சிலிக்கான் எல்லை வரை போய்ச் சேர்ந்து சேதம் செய்கின்றன. டிரான்சிஸ்டரின் பெருக்கும் திறன் குறைகிறது. பக்திக்கு நல்லது, சிப்புக்குக் கெட்டது.

அதனால் இப்போது இந்த வகைச் சிப்புகளை நொடிக்கு 0.01 ராட் வீதத்திலும் சோதிக்கிறார்கள். அதே ஒரு லட்சம் ராட் சேர 116 நாள் ஆகும்! அவ்வளவு நாள் சும்மா காத்திருக்க எந்தக் கம்பெனிக்குத்தான் பிடிக்கும்? காத்துத்தான் ஆக வேண்டும் என்று நிரூபித்தவர்களுக்கு ஒரு மாலை போடலாம் என்பது என் கட்சி.

கல்லூரியில் இதை செமினாருக்கு எடுத்தபோது ஆசிரியர் ஒருவர், "இதெல்லாம் வேலைக்கு உதவுமா?" என்றார். சரி, அவர் கவலை அவருக்கு.

அப்பாவிடம் விளக்கியபோது கொஞ்ச நேரம் யோசித்தார். "உப்புக்காத்துன்னு சொல்லு. ஒரு நாள் கடல்ல முக்கி எடுத்த போல்டுக்கு ஒண்ணும் ஆகாது. வருஷக்கணக்கா கரையில கெடக்குறதுதான் பொடிஞ்சு போகும்."

அது துரு, இது வேறப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஐஸ் ஏற்றக் கிளம்பிவிட்டார்.