வாசகர் கேள்வி–பதில்: விபிஎன் குழப்பங்கள்

கேள்வி: அலுவலக லேப்டாப்பிலும் விபிஎன் இருக்கிறது. விளம்பரம் பார்த்து மொபைலில் ஏற்றிய ஆப்பும் தன்னை விபிஎன் என்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

பதில்: விபிஎன் என்றால் வர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க், பொது நெட்வொர்க்கின் ஊடே போடும் தனிப்பாதை. இரண்டிலும் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான், போய்ச் சேருகிற இடம்தான் வேறு. இரண்டுமே உங்கள் கருவியிலிருந்து இன்னொரு சர்வர் வரை தரவை என்க்ரிப்ட் செய்து, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, அனுப்புகின்றன. அலுவலக விபிஎன்னில் அந்த மறுமுனை உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க். வெளியாள் யாரும் தொட முடியாத ஃபைல் சர்வரை நீங்கள் வீட்டிலிருந்தே திறப்பது அதனால்தான். ரிமோட் ஆக்சஸ் விபிஎன் என்பது இது. ஆப்பிலோ மறுமுனை, அதை விற்கிறவரின் சர்வர். என்க்ரிப்ஷன் அங்கேயே அவிழ்ந்து, அதற்கப்புறம் எல்லாம் வழக்கம்போல இணையத்துக்குள் போகிறது.

மூன்றாவதாக சைட்-டு-சைட் என்று ஒன்று உண்டு. இரண்டு கிளை அலுவலகங்களின் ரவுட்டர்கள் தங்களுக்குள் இணைப்பு போட்டுக்கொள்ளும், ஊழியர்கள் எந்த ஆப்பையும் திறக்க வேண்டாம், அப்படி ஒன்று ஓடுவதே பலருக்குத் தெரியாது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தரும் எம்பிஎல்எஸ் (தரவுக்கு லேபிள் ஒட்டி வழிநடத்தும் முறை) விபிஎன் வேறு ரகம்: மற்ற வாடிக்கையாளர்களின் போக்குவரத்திலிருந்து உங்களுடையதைப் பிரித்து வைக்கும், ஆனால் தானாக என்க்ரிப்ட் செய்யாது. பெயரில் விபிஎன் இருக்கிறதே என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு.

கேள்வி: செட்டிங்ஸில் பிபிடிபி, எல்2டிபி, ஐகேஇவி2 என்றெல்லாம் கேட்கிறதே, எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இவையெல்லாம் விபிஎன் இணைப்பு போடும் முறைகள். பிபிடிபியைத் தொடாதீர்கள். 1990-களின் சரக்கு அது. அதனுடன் வழக்கமாக வரும் கடவுச்சொல் சரிபார்ப்பு முறையை ஒரு நாளுக்குள் உடைக்கலாம் என்று 2012-லேயே காட்டிவிட்டார்கள், 2016-ல் ஐஓஎஸ் 10 வந்தபோது ஆப்பிள் அதைத் தூக்கியே எறிந்துவிட்டது. எல்2டிபி தனியாக எதையும் என்க்ரிப்ட் செய்யாது, ஐபிசெக் என்ற என்க்ரிப்ஷன் முறையுடன் சேர்த்தால்தான் பயன். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது இணைப்பு அறுபடக் கூடாது என்றால் ஐகேஇவி2 நல்லது. ஓப்பன்விபிஎன் என்ற இன்னொரு முறை 2001 முதல் இருக்கிறது, கொஞ்சம் கனமானது, ஆனால் வலைத்தளங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் டிசிபி 443 என்ற வழியிலும் ஓடும் என்பதால் கெடுபிடியான நெட்வொர்க்குகளிலும் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும். என் ஓட்டு வயர்கார்டு என்ற முறைக்கு: வேகம், எளிமை, சில ஆயிரம் வரி கோடு மட்டுமே. 2020-ல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.6 பதிப்பிலேயே அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கேள்வி: விபிஎன் போட்டால் நான் யாரென்று யாருக்கும் தெரியாதுதானே?

பதில்: தெரியும். உங்கள் இணையச் சேவை நிறுவனம் இதுவரை பார்த்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும், அவ்வளவுதான். எச்டிடிபிஎஸ் தளங்களில் (முகவரி https என்று தொடங்குபவை) பக்கத்தின் உள்ளடக்கம் அவர்களுக்கும் தெரியாது, எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். கூகுளில் லாகின் செய்தபடி தேடினால், இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்ணான ஐபி முகவரி மாறி என்ன பயன்? இலவச ஆப் என்றால் சர்வர் செலவை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: அலுவலக விபிஎன் இணைந்ததும் வீட்டு பிரிண்டர் காணாமல் போகிறது!

பதில்: எல்லாப் போக்குவரத்தையும் அலுவலகத்துக்கே திருப்பிவிடுகிறார்கள். ஸ்ப்ளிட் டனலிங் (அலுவலகப் போக்குவரத்தை மட்டும் விபிஎன் வழியே விடுவது) அனுமதிப்பார்களா என்று ஐடி பிரிவில் கேளுங்கள். வீடு, அலுவலகம் இரண்டிலும் 192.168.1 என்றே முகவரி தொடங்கினாலும் இதே தொல்லை வரும். அப்படியானால் வீட்டு ரவுட்டரில் அதை மாற்றிவிடுங்கள்.